உன் மேல் முளைத்த கோரை

என் புரொஃபசரம்மா ரோசலினுக்கு,

முதலில் சண்டைச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் கல்லறை மேல் கோரை முளைத்தது. முளைத்ததோடு நிற்காமல் பக்கத்துக் கல்லறைக்கும் போய்விட்டது. கோயில் கமிட்டியிலிருந்து என்னைக் கூப்பிட்டனுப்பிப் பேசுகிற அளவுக்கு விஷயம் பெரிதாகிவிட்டது. ஆயுசு முழுக்க பிளேடால் சீவிச் சீவிப் பார்த்தாயே, அதே கோரைதான். சிரிக்காதே. இந்தக் கோரையால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பாய். இருக்கிறேன். வெள்ளானூரில் நம் வீட்டுக்கு எதிரே காலியாகக் கிடந்த மனையில் மூன்று மாடி எழும்பிவிட்டது. மதியத்துக்கு மேல் நம் பக்கம் வெயிலே கிடையாது. ஆவடி மார்க்கெட்டில் ஒரே ஒரு உருளைக்கிழங்கை எடுத்து எடை போடச் சொல்ல வெட்கமாக இருக்கிறது என்று அரை கிலோ வாங்கி வருகிறேன். பாதி தீர்வதற்குள் மீதிக்கெல்லாம் கண் திறந்து முளை வந்துவிடுகிறது. நீ இருந்தால் அந்த முளையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பாய். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

சில நாள் சாயங்காலம் பால் வாங்கும்போதுதான் அன்றைக்கு நான் பேசும் முதல் வார்த்தையே வெளியே வரும். அதுவும் கரகரவென்று வரும். கடைக்காரப் பையன், "இன்னா சார், ஜலுப்பா?" என்கிறான். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். வேறு என்ன சொல்வது?

இதைப் படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், நீ கோபித்துக்கொள்ளாதே. என் மனைவி பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுத்தவள். ஊர் உலகத்தில் எல்லோரும் பூவைப் பார்ப்பார்கள், காயைப் பார்ப்பார்கள். இவள் மண்ணுக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கும் தண்டைத் தோண்டியெடுத்து, அதைக் குறுக்கே அறுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். இஞ்சி, மஞ்சள், சேனை, சேப்பங்கிழங்கு, கோரை. அதுதான் அவள் படிப்பு, அதுதான் அவள் பொழுதுபோக்கு. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டூல் ரூமில் வேலை பார்த்தவன். எனக்குத் தெரிந்தது இரும்பு.

நாம் சந்தித்ததே ஒரு கத்தியால்தான். உங்கள் லேபில் மெல்லிசாகச் சீவும் இயந்திரத்தின் கத்தி மழுங்கிப்போய், அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எஸ்டேட்டில் கடை கடையாக அலைந்தாய். எங்கள் முதலாளி "இதெல்லாம் நாங்க பண்றதில்லம்மா" என்று அனுப்பிவிட்டார். வாசல் வரை போனவளை நான்தான் கூப்பிட்டேன். சாணை பிடித்து, எண்ணெய்க் கல்லில் தேய்த்து, தோல் பட்டையில் இழுத்துக் கொடுத்தேன். நீ உன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி அதன் மேல் வைத்தாய். முடி இரண்டாக விழுந்தது. கத்தியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாய். அதற்குப் பிறகு உங்கள் லேப் கத்தி அடிக்கடி மழுங்க ஆரம்பித்தது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

கல்யாணம் ஆகி வந்தபின் நம் அடுப்படியே லேபாகிவிட்டது. டீக்கு இஞ்சி தட்டிப் போடச் சொன்னால் நீ அதை வட்டமாக நறுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நிற்பாய். "இந்த வளையம் தெரியுதா? வெளியில இருக்கிறது புறணி, உள்ள இருக்கிறது நடுத்தண்டு. அந்தச் சின்னச் சின்னப் புள்ளியெல்லாம் தண்ணியும் சாப்பாடும் போற குழாய்க் கட்டு" என்பாய். டீ பொங்கி அடுப்பில் வழியும். "இஞ்சி வேர் இல்லைங்க, தண்டு. கணு இருக்கு பாருங்க, கணுவுல செதில் இலை, அந்த இலைக்கு அடியில மொட்டு. வேருக்கு இதெல்லாம் ஏது?" உருளை தண்டு, சர்க்கரைவள்ளி வேர், வெங்காயத்தில் அடித்தட்டு மட்டும்தான் தண்டு, மற்றதெல்லாம் இலை. எனக்குக் காது புளித்துப்போகும். தட்டில் விழுந்தால் எல்லாம் குழம்புதான் என்பேன். இப்போது யாராவது ஒருமுறை சொல்ல மாட்டார்களா என்றிருக்கிறது.

சரி, கோரைக்கு வருகிறேன்.

போன வருடம் உன்னை மண்ணில் வைத்தபோது மேடு நன்றாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை அடித்ததும் இறங்க ஆரம்பித்தது. கார்த்திகை தாண்டியபோது நடுவில் பள்ளமே விழுந்துவிட்டது. அதில் தேங்கி நின்ற மழைத் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினேன். கல்லறைத் தோட்டத்து ஆள் ஒரு வண்டி கட்டட மண் கொட்டுகிறேன் என்றான். கண்ட கண்ட மண்ணை உன் மேல் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. நம் மொட்டை மாடியில் நீ வைத்திருந்த சிமெண்ட் தொட்டிகள் இருக்கின்றனவே, அதிலிருந்து நாலு சாக்கு மண் அள்ளி, ஷேர் ஆட்டோவில் வைத்து எடுத்துக்கொண்டு போய்ப் போட்டேன். நீ கை வைத்துப் பிசைந்த மண் உன் மேலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். அது நல்ல எண்ணம்தானே? தொட்டியில் நீ என்ன வளர்த்தாய் என்பது மட்டும் என் புத்தியில் ஏறவே இல்லை.

பங்குனியில் முதல் முளை வந்தது. ஊசி மாதிரி, பச்சையாக, நேராக. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை போனபோது பத்துப் பதினைந்து இருந்தது. பிடுங்கினேன். அதற்கடுத்த செவ்வாய் முப்பது. பிடுங்கினேன். வாரா வாரம் பூந்தமல்லி ரோடில் பஸ் மாறி, வெயிலில் குத்தவைத்து உட்கார்ந்து, உன்னிடம் பேசிக்கொண்டே பிடுங்குவேன். கரண்ட் பில், எதிர் வீட்டு மாடி, நம் மகன் ஜெரோம் கனடாவில் வீடு மாறினது எல்லாம் அப்போதுதான் சொல்வேன். கை வேலை செய்துகொண்டிருந்தால் எனக்கு வாய் வரும், உனக்குத் தெரியுமே. சும்மா நின்று கும்பிட்டுவிட்டு வர எனக்கு வராது.

ஆடி மாதம் பக்கத்துக் கல்லறைக்காரி பிலோமினா பிடித்துக்கொண்டாள். ஆவடி மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். உனக்கு இடது பக்கத்தில் அவள் வீட்டுக்காரர். அவருக்கு டைல்ஸ் ஒட்டி, மேலே கிரானைட் பலகை வைத்து ஜோராகக் கட்டியிருக்கிறாள். அந்த டைல்ஸ் இடுக்கில் கோரை குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

"இன்னா அண்ணாத்தே, உன் ஊட்டம்மா மேலருந்து எங்க ஊட்டுக்காரு மேல ஏறிக்கினு வருது பாரு! உசுரோட கீறச்சொல்லதான் அந்தாளு ஒரு இடத்துல குந்தல. செத்தப்புறமாச்சும் அக்கடான்னு தூங்கட்டும்னு டைல்ஸ் போட்டா, ஜாயின்ட்ட பொத்துகினு வருது!"

"வாரா வாரம் புடுங்கிக்கினுதான்மா கீறேன்."

"நீ புடுங்கற லட்சணம்தான் தெர்தே. போன வாரத்துக்கு இந்த வாரம் ரெட்டிப்பா கீது."

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் திட்டு. நான் வருவதற்கு முன்பே வந்து தயாராக உட்கார்ந்திருப்பாள். கடைசியில் கமிட்டியில் போய்ச் சொல்லிவிட்டாள். செயலாளர் என்னைக் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். "கல்லறைத் திருநாளுக்கு ஃபாதர் எல்லாக் கல்லறையும் மந்திரிக்க வருவாரு. அதுக்குள்ள ஒண்ணு உங்க வீட்டம்மாவுக்குக் கல் போட்டு மூடிடுங்க. இல்லைன்னா நாங்க மருந்து அடிச்சுடுவோம். வேற வழி இல்லைங்க."

அன்றைக்கே ஜெரோமிடம் சொன்னேன். "கிரானைட்டே போட்டுடலாம்ப்பா. நீங்க வாரா வாரம் வெயில்ல போய்க் குத்தவெச்சுப் புல்லு புடுங்குறீங்கன்னு நினைச்சாலே எனக்குக் கஷ்டமா இருக்கு" என்றான். உன் பிள்ளை. பாசமாகத்தான் சொன்னான். அந்தப் புல் பிடுங்குவதுதான் எனக்கு இந்த வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரே வேலை என்று அவனிடம் எப்படிச் சொல்வேன்? கல் போட்டுவிட்டால் அங்கே எனக்கு என்ன இருக்கிறது?

நீயும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தாய். திருநின்றவூரில் உன் சித்தப்பாவை மண்ணில் வைத்துவிட்டுத் திரும்பும்போது ரயிலில் சொன்னாய். "எம்மேல கல்லு மட்டும் வெச்சுராதீங்க. ஒண்ணும் கிடைக்கலைன்னா இஞ்சியாவது நடுங்க." எதிரே உட்கார்ந்திருந்த அம்மா உன்னை ஒரு மாதிரி பார்த்தாள். நீ பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

மருந்து அடிக்கவும் விடமாட்டேன், கல்லும் போடமாட்டேன் என்றால் கோரையை நானே ஒழிக்க வேண்டும். எப்படி ஒழிப்பது? பிடுங்கப் பிடுங்க ஏன் கூடுகிறது? கேட்க வேண்டிய ஆள் மண்ணுக்குள் இருக்கிறாய். அடுத்த செவ்வாய் ஒரு கொத்தைப் பிடுங்காமல் கம்பியால் சுற்றித் தோண்டி, மண்ணோடு ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்கு மேல் உன் மைக்ராஸ்கோப்பின் மேல் போட்டிருந்த தலையணை உறையை எடுத்தேன். நீ போனபின் முதல் தடவை. சவரக் கத்தியை எண்ணெய்க் கல்லில் தேய்த்துப் பட்டையில் இழுத்தேன். அந்த வேலை மட்டும் கைக்குத் தானாக வந்தது. கோரைக்கிழங்கைப் பிடித்துச் சீவ நீ மெத்தென்ற நெட்டித் தண்டுக்குள் வைப்பாய். என்னிடம் நெட்டி ஏது? கேரட்டைப் பிளந்து நடுவில் வைத்தேன். முதலில் சீவினதெல்லாம் அப்பளம் மாதிரி கனமாக விழுந்தது. "இழுத்து அறுங்க, அமுக்காதீங்க" என்று நீ பிள்ளைகளிடம் கத்துவது நினைவுக்கு வந்தது. இழுத்து அறுத்தேன். தண்ணீரில் மிதக்கிற மாதிரி ஒன்று விழுந்ததும் பிரஷ்ஷால் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்தேன். எதிர் வீட்டு மாடிதான் வெயிலை மறைத்துவிட்டதே, கண்ணாடிக்கு அடியில் செல்போன் டார்ச்சைப் போட்டேன்.

முதலில் என் கண் இமை முடிதான் தெரிந்தது. திருகைத் திருப்பித் திருப்பி, கழுத்து வலித்து, விட்டுவிடலாமா என்று நினைத்தபோது சட்டென்று தெளிந்தது. ரோசலின், அவ்வளவு அழகாக இருக்கும் என்று நீ சொல்லவே இல்லையே! சொன்னாய், சொன்னாய். நான்தான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே கறுத்த தோல். அதற்குள் அறை அறையாக, ஒவ்வொரு அறைக்குள்ளும் மாவு மணிகள். காயத்துக்குப் போடும் அயோடின் ஒரு சொட்டு விட்டேன். எல்லா மணியும் நீலம் பாய்ந்து கறுத்துப்போனது. அதற்கும் உள்ளே ஒரு வளையம். அந்த வளையத்து அறைகளின் சுவர் உள்பக்கமும் பக்கவாட்டிலும் தடித்து, வெளிப்பக்கம் மட்டும் மெல்லிசாக, வரிசையாக 'ப' எழுதிய மாதிரி இருந்தது. அகத்தோல் என்பாயே, அது. அதற்குள்ளே ஒழுங்கே இல்லாமல் இறைந்து கிடக்கும் குழாய்க் கட்டுகள். ஒவ்வொரு கட்டிலும் சாப்பாடு போகும் குழாய் நடுவில், தண்ணீர்க் குழாய்கள் அதைச் சுற்றிக் காவல். இதைத்தான் நீ சோறு ஆறிப்போகும் வரை எனக்கு வரைந்து காட்டுவாய்.

அப்புறம் ஒரு கிழங்கையும் இன்னொரு கிழங்கையும் சேர்க்கிற அந்தக் கறுப்பு நூலை அறுத்துப் பார்த்தேன். நூல் இல்லை அது, அதுவும் தண்டுதான். இளசாக இருந்தபோது வெள்ளையாகச் சதைப்பற்றோடு இருந்திருக்கும். வயசானதும் தோலும் புறணியும் வாடி உதிர்ந்து, அந்த 'ப' வளையமும் அதற்குள் இருக்கிற குழாய்க் கட்டுகளும் மட்டும் மிஞ்சி, கம்பி மாதிரி ஆகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் செத்துப்போன நார். உள்ளே எல்லாக் குழாயும் திறந்திருக்கிறது. ஒரு கிழங்கிலிருந்து அடுத்த கிழங்குக்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு.

அப்போதுதான் நீ சொன்னது மண்டையில் இறங்கியது. இந்தச் சங்கிலி அறுபடாமல் இருக்கும்வரை முன்னால் இருக்கிறது முளைத்து நிற்கும், பின்னால் இருப்பதெல்லாம் பெரும்பாலும் தூங்கும். நடுவில் அறுத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக முழித்துக்கொள்ளும். நான் செவ்வாய்க்கிழமை தவறாமல் மேலே பிடித்து இழுத்து, சங்கிலியை அறுத்து, கிழங்கையெல்லாம் மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். களை எடுத்தேனா? நடவு செய்திருக்கிறேன், மடையன்!

அது மட்டுமா? ஒரு கிழங்கில் மண்ணோடு ஒட்டிக்கொண்டு நீலப் பிளாஸ்டிக் நூல் ஒன்று இருந்தது. நீ தொட்டிச் செடிகளுக்கு அடையாளம் கட்டுகிற நூல். நாலு சாக்கு மண்ணோடு உன் கோரையையும் நானே கொண்டுபோய் உன் மேல் போட்டிருக்கிறேன். பிலோமினா திட்டினது நூற்றுக்கு நூறு நியாயம். உன்னிடமிருந்துதான் பரவியது.

வாயைத் திறந்துவிட்டேன் ரோசலின். "ஏய், இங்க வந்து பாரேன்" என்று கூப்பிட்டுவிட்டேன். நீ என்னை எத்தனை தடவை அப்படிக் கூப்பிட்டிருப்பாய்? நான் ஒரே ஒரு தடவை கூப்பிடும்போது வீட்டில் ஆள் இல்லை. மிக்ஸி, ஃபேன், எதிர் வீட்டு டிவி. அந்தக் கண்ணாடித் தகடு காய்ந்துபோகும்வரை அப்படியே உட்கார்ந்து அழுதேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அழுதேன்.

அழுது முடித்ததும் பயம் வந்தது. சங்கிலி உன் மேடு முழுக்க, பக்கத்துக் கல்லறை வரை ஓடியிருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு அதிக நாள் இல்லை. தனி ஆளாக எப்படி எடுப்பேன்? மனசு விட்டுப்போய் ஜெரோமுக்கு ஃபோன் போட்டு, கல்லே போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டேன். அவன் உடனே ஒரு கல் வேலைக்காரரைப் பேசி அனுப்பினான். அவர் டேப்பை எடுத்து உன்னை நீளம் அகலம் அளந்தார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனை வேலைக்கு அளவு எடுத்திருக்கிறேன், இந்த அளவை மட்டும் நான் குறித்துக்கொள்ளவில்லை.

அவர் போனதும் பிலோமினாவிடம் சொன்னேன். "கல்லு போட்டுடறேன்மா. உன் தொல்லை ஒயிஞ்சுது."

திட்டுவாள் என்று பார்த்தேன். ஈரத் துணியால் அவள் வீட்டுக்காரர் பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"போடாத அண்ணாத்தே" என்றாள்.

"நீதானேம்மா கமிட்டில சொன்ன?"

"சொன்னேன். புத்தி கெட்டுப் போய் சொன்னேன். நான் கல்லு போட்டேனே, இன்னா ஆச்சு? துணிய நனைச்சி எட்தாறேன், தொடைக்கிறேன். முட்ஞ்சுது. அதுக்கப்பால இங்க குந்திக்கினு நான் இன்னா செய்யறது சொல்லு? நீ குந்திக்கினு நோண்டிக்கினு உன் ஊட்டம்மாவாண்ட பேசிக்கினே கீற. பாக்கச்சொல்ல எனக்கு வயிறு எரியும். உன்னிய திட்டிக்கினு இருந்தாதான் கொஞ்ச நேரம் போவும்."

நான் அவளிடம் கோரையின் சங்கிலியைச் சொன்னேன். நீ சொல்கிற மாதிரி அழகாகச் சொல்ல வரவில்லை. அறுக்காமல் எடுக்கணும், ஒரு கிழங்கு விடக்கூடாது என்று மட்டும் சொன்னேன்.

"அவ்ளோதானே? முள்ளு வாங்கற கை இது. நாளைக்கு வா" என்றாள்.

மணல் சலிக்கிற சல்லடையைக் கொண்டுபோனேன். மேட்டு மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக மண்வெட்டியால் எடுத்துப் போட, அவள் சங்கிலியை விரலால் தொடர்ந்து போய் முழுசாக உருவி எடுத்தாள். மண்ணைச் சலித்தோம். சாயங்காலம் அவள் மீன் கடை முடிந்து வந்ததும் ஆரம்பிப்போம், இருட்டியதும் நிறுத்துவோம். வாளி வாளியாகக் கிழங்கு வந்தது. கை முழுக்க அந்த வாசனை. கோரைக்கிழங்கு போட்டு அரைப்பாயே, உன் குளியல் பொடி வாசனை, ரோசலின். முழங்கை ஆழத்துக்கு மேல் ஒரு விரல்கூடப் போகக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். எனக்கேதான் சொல்லிக்கொண்டேன். அவ்வளவு பக்கத்தில் நான் உன்னிடம் வந்து எத்தனை நாளாகிறது?

கடைசி நாள் ஃபாதர் வந்து நின்றார். இப்போது புதிதாக வந்திருப்பவர், உனக்குத் தெரியாது. இளவயசு. மண்ணும் சல்லடையுமாக எங்களைப் பார்த்துவிட்டு, "கல் போடலையா ஐயா?" என்றார்.

"இல்ல ஃபாதர். அவளுக்குப் பிடிக்காது."

அவர் கொஞ்சம் தயங்கினார். "நல்லதுங்க. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. கல் இல்லாத குழியைச் சில வருஷம் ஆனதும் திறப்போம். இடம் இல்ல பாருங்க. சொந்தத்துல யாராவது இருந்தா அவங்களுக்குத்தான் முதல்ல. இல்லைன்னா வேற ஒருத்தருக்குக் கொடுத்துடுவோம். உங்க வீட்டுல யாராவது இருக்காங்களா?"

"நான் இருக்கேன் ஃபாதர்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. ஏதோ தப்பாகக் கேட்டுவிட்ட மாதிரி என் தோளைத் தொட்டார். எனக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றரை வருடமாக என்னிடம் யாரும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை.

ஜெரோமிடம் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்றான். இடம் எனக்கும் வேண்டுமே என்றேன். "ஏம்ப்பா இப்படில்லாம் பேசுறீங்க" என்றான். அவன் குழந்தை பின்னால் எதையோ தட்டிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. அவனைத் திட்டாதே. அவன் தூரத்தில் இருக்கிறான், அவ்வளவுதான்.

கல்லறைத் திருநாள் நன்றாக நடந்தது. எங்கே பார்த்தாலும் மெழுகுவத்தி, சாமந்தி, குடும்பம் குடும்பமாகக் கூட்டம். உன் மேடு மட்டும் வெறும் மண்ணாக, கறுப்பாக, சலித்துப் பரப்பினபடி சமமாக இருந்தது. ஃபாதர் தீர்த்தம் தெளித்தபோது மண் உடனே குடித்துவிட்டது. பிலோமினாவுக்கு மகன்கள், மருமகள்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அவர்களோடு போய்விட்டாள். திட்டக்கூட இல்லை. எல்லோரும் போனபிறகு மெழுகுவத்தி அணையும்வரை நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். பிறகு பஸ் பிடித்து வந்து, காலையில் வடித்த சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

மாடித் தொட்டியில் மீதி இருக்கிற கோரையை நான் எடுக்கவில்லை. தண்ணீர் ஊற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்றைச் சீவிப் பார்க்கிறேன். சில நாள் நன்றாக விழுகிறது, சில நாள் அப்பளம். நன்றாக விழுந்தால் பார்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். உன்னிடம் காட்ட முடியாததை வேறு யாரிடம் காட்டுவது? அங்கே உனக்கு யார் கத்தி தீட்டித் தருகிறார்கள்?

திருநாள் முடிந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. நேற்று போய்ப் பார்த்தேன். உன் தலைமாட்டில் ஒரு முளை. எங்களுக்குத் தப்பின கிழங்கு ஒன்று இருந்திருக்கிறது. பழைய அரம் ஒன்றைத் தீட்டி நீளமாகக் குத்துக்கோல் மாதிரி செய்து வைத்திருக்கிறேன், அதைக்கொண்டு சுற்றிக் கிளறி, நூல் அறுபடாமல் அடியோடு எடுத்தேன். மழையில் மேல் மண் இறுகிப் பாளமாகிவிட்டிருந்தது. அதையும் கொத்திக் கிளறி, கட்டியெல்லாம் கையால் உடைத்துவிட்டுத்தான் வந்தேன்.

இனி ஒவ்வொரு செவ்வாயும் அதைத்தான் செய்யப் போகிறேன். முளை வந்தாலும் வராவிட்டாலும் வருவேன். ஒரு நாள் உன்னைத் திறப்பார்கள், அன்றைக்கு நான் வருவேன். தோண்டுகிறவனுக்குச் சிரமம் இருக்காது ரோசலின். அதுவரை உன் மேல் இருக்கிற மண்ணைக் கெட்டியாக விடமாட்டேன்.

உன் வீட்டுக்காரன்,
அந்தோணி